ஊசிக்கும் இன்சூரன்ஸ் உண்டு

எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் நான் வாழ்க்கையில் மிக நன்றாகப் பேசியிருக்கிறேன். தெரிந்த விஷயமென்றால் நாக்கு கொஞ்சம் தயங்கும். இது சரிதானா, இதில் ஒரு விதிவிலக்கு உண்டே என்று மனசு பின்னால் இழுக்கும். தெரியாத விஷயத்தில் அந்தத் தொந்தரவே கிடையாது. ரோடு காலியாக இருக்கும். வண்டியை விரட்டலாம்.

அப்படி நான் விரட்டிக்கொண்டு போய் முட்டிய கதை இது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உத்தமபாளையத்தில் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், மருத்துவக் காப்பீட்டு முகவர் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட முதல் பெண் நான். (ரேஷன் கடைக்குப் போகும்போதும் தொங்கவிட்டிருந்தேன். கடைக்காரர் என்னை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து எடை சரியாகப் போட்டார்.) பயிற்சி எல்லாம் ஆன்லைனில்தான். ஒரே ஒரு பாடத்தின்போது மட்டும் கரன்ட் போய்விட்டது. வந்தபோது அடுத்த பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாடம்தானே என்று விட்டுவிட்டேன். அது எந்தப் பாடம் என்று ஊருக்கே தெரியும் நாள் பின்னால் வந்தது.

என் தாய்மாமன் ராசாங்கம் ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சை போட்டிருப்பவர். அந்தப் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். திராட்சையைத் தின்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். கொடி தலைக்கு மேலே பந்தலில் ஓடும். கவாத்து அடித்துக் கிளை நறுக்குவது, பிஞ்சு கழிப்பது, பழம் வெட்டுவது எல்லாமே நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தபடிதான். பத்து வருஷம் இந்த வேலை பார்த்தவருக்குக் கழுத்து என்பது தலையைத் தாங்கும் ஒரு கம்பம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் உங்களைப் பார்க்க உடம்போடு சேர்த்துத் திரும்பினால் மரியாதை காட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். திராட்சைத் தோட்டக்காரர் என்று அர்த்தம்.

இந்தக் கழுத்துகளுக்கெல்லாம் ஒரே புகலிடம் ஆலிஸம்மா. குமுளிப் பக்கத்து மலையாளி, ராயப்பன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவர். பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, அக்குபஞ்சர் படித்து, கோயில் தெருவில் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். தலைமுடி கனத்தில் ஊசிகள். குத்துவதே தெரியாது. வாரம் ஒரு நாள் போய்ப் படுத்துவிட்டு வந்தால் அடுத்த நாலு நாளைக்குக் கழுத்து கழுத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாமா என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா செல்வி, சங்கத்து ஆளுக, தோட்டத்துல வேல பாக்குறவுக, எல்லாத்துக்கும் சேத்து ஒரே பாலிசியாப் போட்டுறலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கெழம காலையில கூட்டம். வந்து வெளக்கிச் சொல்லு. வெளியாளக் கூப்புட வேணாம், எங்கக்கா மக இருக்கான்னு அடிச்சுச் சொல்லிப்புட்டேன்."

என் முதல் வியாபாரம். அதுவும் ஒரு சங்கமே மொத்தமாக. சனிக்கிழமை பூராவும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பாலிசிப் புத்தகத்தைப் படித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கண்ணாடிதான் தோன்றியது.

சமுதாயக்கூடத்தில் நல்ல கூட்டம். மைக் கொடுத்தார்கள். மைக் மட்டும் கைக்கு வரக்கூடாது எனக்கு. "அரசாங்கம் புதுசாச் சொல்லியிருக்கு. இனிமே இங்கிலீஷ் வைத்தியத்துக்கு மட்டும் இல்ல, ஆயுஷ் வைத்தியத்துக்கும் அதே மாதிரி காப்பீடு குடுக்கணும். நம்ம பாலிசியிலயும் அது இருக்கு" என்று ஆரம்பித்தேன். இதுவரை சொன்னது சரிதான். இத்தோடு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

முன்வரிசையில் பேச்சியம்மா எழுந்தார். மாமா தோட்டத்தில் பல வருஷமாகப் பிஞ்சு கழிப்பவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஏந்தாயி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கழுத்துக்கு ஆலிஸம்மாட்ட ஊசி குத்திக்கிர்றமே, அதுக்கு வருமா, வராதா? மத்தத அப்பறம் பேசு."

அரை நொடி யோசித்தேன். ஆயுஷ். ஏ, வை, யு, எஸ், எச். யோகா வந்தது, யுனானி வந்தது, சித்தா வந்தது, ஹோமியோபதி வந்தது. அந்த ஏ மட்டும் வரவில்லை. எதிரே இருந்த அத்தனை கழுத்துகளும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. (அவற்றால் வேறு பக்கம் பார்க்கவும் முடியாது.) சட்டென்று மூளையில் விளக்கு எரிந்தது.

"என்னக்கா இப்பிடிக் கேட்டுப்புட்டீக! ஆயுஷுல மொத எழுத்தே அதுதான! ஏ ஃபார் அக்குபஞ்சர்!"

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார். மாமா உடம்போடு திரும்பி, "எங்கக்கா மக" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அன்று மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேச்சியம்மா மட்டும் பேனாவைப் பிடித்தபடி என்னை ஒரு தடவை பார்த்தார். "நெசந்தான?" என்றார். "எழுதியே தாரேன்க்கா" என்றேன். நல்லவேளை, எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

நேராக ஆலிஸம்மா வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். அவர் வாசலில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்சூரன்ஸா? என்ட ஊசிக்கா?" என்றார். "ஆரு சொன்னது மோளே?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொல்லிச்சு. சரி. நினக்கு ஆரு சொன்னது?"

எவ்வளவு நல்ல கேள்வி! அன்று அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. படிக்காதவர் கேட்கும் கேள்வியாகப் பட்டது. "எல்லாம் புது ரூல்ஸ் ஆலிஸம்மா, ஒங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனிக்கு அறியில்லா" என்று தோளைக் குலுக்கிவிட்டுக் கோழிகளிடம் திரும்பினார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பரிதாபமாக இருந்தது எனக்கு. அவர்மேல்.

இரண்டு நாளில் மாமா தகரத்தில் ஒரு போர்டு எழுதிக்கொண்டு வந்து ஆலிஸம்மா வீட்டு வாசலில் மாட்டிவிட்டார். "இங்கே ஊசிக்கும் இன்சூரன்ஸ் உண்டு" என்று சிவப்பு எழுத்து. ஆலிஸம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். தலைவர் கேட்கவில்லை.

முதல் ஆளாகத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, தானே கிளெய்ம் வாங்கி, சங்கத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். அதில்தான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. இருபத்து நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகத் தங்கியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஆலிஸம்மாவிடம் போனால் அரை மணி நேரத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார்.

வேறு ஆளாக இருந்தால் இங்கே நின்று யோசித்திருப்பார்கள். நான், "அதுக்கென்ன மாமா, அட்மிட் ஆயிருங்க" என்றேன்.

"எங்கன?"

"அங்கனதான். ஆலிஸம்மா வீட்டுல."

ஆலிஸம்மா வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு பெஞ்சும் இருந்தன. பாலிசி கைக்கு வந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாமா தலையணை, போர்வை, வெந்நீர் ஃபிளாஸ்க் சகிதம் கட்டிலில் அட்மிட் ஆனார். மறுநாள் காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்று நோட்டில் எழுதினேன். மாமாவின் மனைவி மல்லிகா அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நல்லா இருக்கிற மனுசனைக் கட்டிலில் படுக்க வைப்பது சகுனம் சரியில்லை என்று சொல்லி, குச்சனூர்க் கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் ஆலிஸம்மா இரண்டாவது தடவை ஊசி வைத்தார். கழுத்தில், தோளில், கையில், காதில் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மாமா கண்ணை மூடிச் சுகமாகத் தூங்கிவிட்டார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. செல்போனில் படம் எடுத்து, "நமது தலைவர் அட்மிட் ஆகியுள்ளார். கவலை வேண்டாம், எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன்.

ஒரு படத்தை நூறு பேர் இருக்கும் குழுவில் போட்டால் அது எங்கெங்கே போகும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. முதலில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்தார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள், பிஸ்கட் வாங்கி வந்தார்கள். (திராட்சை மட்டும் யாரும் வாங்கி வரவில்லை.) வாசலில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து மேலும் கூட்டம் சேர்ந்தது.

நாலு மணி சுமாருக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. மாமாவின் மகள் தேன்மொழியைப் போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சம்பந்தி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். முன்னால் தேன்மொழியின் மாமியார் ஓடிவந்தார். கட்டிலைப் பார்த்தார். ஊசிகளைப் பார்த்தார்.

"அய்யோ அண்ணே! ஒடம்பு பூராக் கம்பியக் குத்தி வச்சிருக்காகளே! போன வாரம் ஒரு கல்யாணத்துல நல்லாச் சிரிச்சுப் பேசினாகளே!"

மாமா விழித்துக்கொண்டார். அவரால் திரும்ப முடியாது, திரும்பக்கூடாது என்று ஆலிஸம்மாவின் உத்தரவு வேறு. மேலே கூரையைப் பார்த்தபடியே, "யாரு வந்திருக்காக?" என்றார்.

"என்னயக்கூட அடையாளந் தெரியலையே!" என்று அந்த அம்மா அலறினார். அலறிக்கொண்டே மாமாவின் கையைப் பாசமாக எட்டிப் பிடித்தார். எந்தக் கையை? ஊசி வைத்த கையை.

மாமா போட்ட சத்தம் வாசலில் இருந்தவர்களுக்குக் கேட்டது. உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. உயிர் போகிற சத்தம் என்று அவர்களாக முடிவு செய்து, நாலைந்து பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். சரியாக அந்த நேரத்துக்குத்தான் குச்சனூர் போன மல்லிகா அத்தை கையில் பிரசாதத்தோடு தெருமுனையில் வந்து இறங்கினார். தன் புருஷன் இருக்கும் வீட்டு வாசலில் கூட்டம். கூட்டத்தில் அழுகை. அத்தை அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதுவேன். அத்தை உட்கார்ந்த அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அப்படி எழுத முடியவில்லை. ஓடிப்போய், "அத்தை, மாமாவுக்கு ஒண்ணுமில்ல, இன்சூரன்ஸுக்குத்தான் படுத்திருக்காக" என்றேன். அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ நல்லா இருப்ப" என்றார். அது வாழ்த்து இல்லை.

ஆலிஸம்மா பதற்றமே இல்லாமல் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லோருக்கும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். மாமா எழுந்து உட்கார்ந்து, சம்பந்திகளிடம் மன்னிப்புக் கேட்டு, ஆப்பிள்களை அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தார். அப்புறம் திரும்பவும் படுத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் மறுநாள் காலை பத்து மணிக்குத்தானே! சட்டத்தை மதிக்கிற மனிதர்.

மூன்று வாரம் கழித்து என் செல்போனுக்கு ஒரு வரி வந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது.

எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். புது ரூல்ஸ் தெரியாத யாரோ ஒரு ஆள் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அநியாயம் செய்கிறார் என்று உறுதியாக நம்பினேன். "நேர்லயே போய்க் கேப்போம் மாமா. கூட்டமாப் போவோம்" என்றேன். மாமா ஒரு வேன் பிடித்தார். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர், பேச்சியம்மா, அத்தை, நான். ஆலிஸம்மா வரமாட்டேன் என்றார். வைத்தியம் செய்த சாட்சி வேண்டும் என்று சொல்லி அவரையும் ஏற்றிக்கொண்டேன். தேனி போய்ச் சேரும்வரை வேனில் எழுந்து நின்று பேசிக்கொண்டே வந்தேன். சின்னமனூர் தாண்டும்போது ஆயுஷைப் பற்றி இரண்டாவது தடவை விளக்கினேன் என்று பேச்சியம்மா இன்றைக்கும் சொல்வார்.

கிளை மேலாளர் அமைதியான மனிதர். அவ்வளவு பேரையும் பார்த்துவிட்டுக் கூடுதல் நாற்காலி போடச் சொன்னார். எல்லோருக்கும் தண்ணீர் வந்தது. அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். அரசாங்கம் சொன்னது, பாலிசி சொன்னது, விவசாயியின் கழுத்து, ஏழைகளின் உரிமை. என் குரல் கவுன்டர்வரை போனது. அங்கே பிரீமியம் கட்ட வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்து கதவருகே நின்றார்கள். கூட்டம் கூடக் கூட எனக்கு உற்சாகம் கூடியது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு படிவத்தைப் புரட்டினார்.

"பேஷன்ட் தங்கின இடத்துல எத்தனை படுக்கைம்மா?"

"ரெண்டு சார். ஒரு கட்டில், ஒரு பெஞ்சு."

தலையாட்டினார். "சரி. ஆஸ்பத்திரின்னா குறைஞ்சது அஞ்சு இருக்கணும், அது போகட்டும். ஆயுஷ்ல வரும்னு சொல்றீங்க. ஆயுஷ்னா என்னன்னு விரிச்சுச் சொல்லுங்க."

இதைக் கேட்கமாட்டாரா என்றுதானே காத்திருந்தேன். எழுந்து நின்றேன். விரல்விட்டு எண்ணினேன். "ஏ, அக்குபஞ்சர். வை, யோகா. யு, யுனானி. எஸ், சித்தா. எச், ஹோமியோபதி." ஐந்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மிக மென்மையாகக் கேட்டார்.

"ஆயுர்வேதம் எங்கேம்மா போச்சு?"

விரல்களைத் திரும்ப ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"அது... அது சித்தாவுக்குள்ள வந்துரும் சார்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாதது. "உங்க பின்னாடி சுவத்துல ஒரு போர்டு இருக்கு. கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றார்.

நான் திரும்பினேன். ஆயுர்வேதம் என்று முதல் வரியில் கொட்டை எழுத்து. நான் அத்தனை நேரமும் அந்தப் போர்டுக்குக் கீழேதான் நின்று கைவீசிப் பேசியிருக்கிறேன். அக்குபஞ்சர் என்ற சொல் அந்தச் சுவரிலேயே எங்கும் இல்லை.

நான் மட்டுமா திரும்பினேன்? மாமா, சங்கத்து ஆட்கள் பத்துப் பேர், பேச்சியம்மா, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பினார்கள். உடம்பு அசையாமல், கழுத்தை மட்டும். எந்தச் சிரமமும் இல்லாமல். ஆலிஸம்மாவின் வைத்தியம் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய ருசு எந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

"அக்குபஞ்சர் இந்த லிஸ்ட்டுல கெடையாதும்மா. அது நல்ல வைத்தியமா இருக்கலாம், நான் குறை சொல்லலை. ஆனா இந்தப் பாலிசியில வராது" என்றார் மேலாளர். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, படிவத்தை என் பக்கம் தள்ளி, "நோய்க்கு என்ன வைத்தியம்ங்கற எடத்துல அக்குபஞ்சர்னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்க. ஏமாத்தணும்னு நெனைக்கிறவங்க இப்படி எழுதமாட்டாங்க. அதனாலதான் மேலிடத்துக்கு உங்களைப் பத்தி எதுவும் எழுதாம விட்டேன். பாலிசிப் புக்கைப் படிங்கம்மா" என்றார்.

ஆலிஸம்மா என் முழங்கையைத் தொட்டார். "மதி மோளே. போகாம்." போதும், கிளம்பலாம் என்று அர்த்தம்.

திரும்பும் வேனில் நான் எழுந்து நிற்கவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். வேலை போனால் போகிறது. மாமா தன் பெயரைச் சொல்லித்தான் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினார். சங்கத்தில் இனி அவர் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவார்? இறங்கும்போது மாமா என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஞாயித்துக்கெழம கூட்டம் போடுறேன். நீயே வந்து சொல்லிரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மைக் வேண்டாம் என்றேன். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். எழுந்து நின்று, "எனக்குத் தெரியாது. தெரியாமலே வரும்னு சொல்லிப்புட்டேன். மாமா மேல எந்தத் தப்பும் இல்ல. பாலிசி வேணாம்னு நெனைக்கிறவுக சொல்லுங்க, எழுதிக் குடுத்து நிறுத்திறலாம்" என்றேன். இவ்வளவு சின்னப் பேச்சை நான் அதுவரை பேசியதில்லை.

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். பேச்சியம்மா எழுந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"ஊசிக்கு வராது. அது சரி. அப்ப எதெதுக்குத்தான் வரும்? அத இன்னைக்காவது சொல்லு."

பாலிசிப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். பிரித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு பத்திக்கும் பேச்சியம்மா நிறுத்தினார். "அப்பிடின்னா?" என்றார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தாளில் குறித்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மாமா தூங்கவில்லை. கடைசிப் பக்கம்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் பாலிசியை நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் பேச்சியம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. எந்தத் தாள், எத்தனை நகல், எந்தக் கையெழுத்து என்று நர்ஸுக்கே அவர் சொல்லிக்கொடுத்தார். கிளெய்ம் ஒரே தடவையில் வந்தது. பெருமைப்பட எனக்கு அதில் ஒன்றுமில்லை. அவர் என்னை அழைக்கவே இல்லை.

ஆலிஸம்மா போர்டைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். இன்றைக்கும் ராயப்பன்பட்டியில் முழுக் காப்பீட்டோடு வாழ்பவை அவர் வீட்டுக் கோழிகள்தான். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. கழுத்துகள் வழக்கம்போல வந்து படுத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் இந்தத் தொழிலை விடவில்லை. இப்போது கம்பத்தில் எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸே இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வெளியே எனக்கு நல்ல பெயர். வீட்டில்தான் இல்லை. நான் எதையாவது கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும், மழை வரும் என்றோ இந்த பஸ் போடி போகும் என்றோ, உடனே யாராவது ஒருவர் மிக மென்மையான குரலில், "ஆயுர்வேதம் எங்கேம்மா போச்சு?" என்பார்கள். என் கணவரிடம் பெண் பார்க்க வந்த அன்றே மாமா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். நான் காபி கொண்டுபோனபோது மாப்பிள்ளை வீடே குலுங்கிக்கொண்டிருந்தது. ஜாதகம் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னைப் பிடித்துவிட்டதாக அவர் இன்றும் சொல்கிறார்.

போன மாதம் தேன்மொழியின் மகனுக்குக் காதுகுத்து. போடியில் மண்டபம். சம்பந்தி வீட்டு ஆட்கள், எங்கள் ஆட்கள் என்று நிறைந்த சபை. குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். அந்த அமைதியில் மாமாவின் குரல் கணீரென்று வந்தது.

"ஆசாரி, கொஞ்சம் பொறுங்க. எங்கக்கா மக இங்கனதான் இருக்கா. ஊசிக்கு இன்சூரன்ஸ் வருமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிருங்க!"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. தேன்மொழியின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா அத்தைகூடச் சிரித்தார். சிரிக்காதவர் ஆசாரி ஒருவர்தான். அவர் வெளியூர்க்காரர், கதை தெரியாது. ஊசியை அந்தரத்தில் பிடித்தபடி என்னிடம் மெய்யாகவே கேட்டார்.

"வருமாம்மா? எங்கன எழுதிக் குடுக்கணும்?"

"காதுகுத்துக்கு வராதுண்ணே" என்றேன். "ஆனா ஒங்க கண்ணுக்கு வரும். நாள் பூரா நகைய உத்து உத்துப் பாக்குறீகள்ல, பொரை விழுந்து ஆப்பரேஷன் பண்ணினா வரும். இப்பவே போடணும். போட்ட ஒடனே கெடைக்காது, ரெண்டு வருசம் பொறுக்கணும். அது எத்தனாவது பக்கத்துல இருக்குன்னு வேணும்னாலும் சொல்றேன்."

விசிட்டிங் கார்டை நீட்டினேன். ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கார்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிக்க ஆரம்பித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள்.